அசையாமல் நின்றால் தெரியும்

இருட்டான இடத்துக்குக் கேமரா வாங்குவதாக இருந்தால், ஐயா, பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சலைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சென்சார் பெரியதா, லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும், இதைக் கேளுங்கள். கடைக்காரரே முழிப்பார். நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாரும் முழித்தார்கள்.

எங்கள் கிரானைட் கிடங்கின் பின்பக்கத்தில் விளக்கு கிடையாது. கல் திருட்டுப் போகிறது, நல்ல கேமராவாகப் பார்த்து மாட்டு என்று முதலாளி என்னிடம் சொன்னார். முதலாளி என்றால் என் மனைவியின் அண்ணன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை நம்பிக் கொடுத்த ஒரே பொறுப்பு அதுதான். மற்றபடி வருகிறவர்களுக்கு டீ சொல்வேன், லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டுவேன்.

எல்லாரும் வாங்குவது அகச்சிவப்பு விளக்கு வைத்த கேமரா. படம் கறுப்பு வெள்ளையில் வரும். கிட்டே வந்த முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடும். அந்த விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வந்து லென்ஸ் மேலேயே வலை கட்டும். எனக்கு அந்தத் தொல்லை வேண்டாம். தெருவிளக்கின் மிச்ச வெளிச்சத்திலேயே நிறம் காட்டும் கேமராவைத் தேடிப் பிடித்தேன். ஒரே ஒரு விஷயம், வெளிச்சம் குறைந்தால் அது நிதானமாகத்தான் படம் பிடிக்கும். அசையாத பொருள் பளிச்சென்று விழும். நடக்கிற ஆள் புகையாக இழுபடுவார்.

மச்சான் ஓரிடத்தில் நிற்கிறவர் இல்லை. பதிவில் தன்னைத் தானே பார்த்துவிட்டு, "என்ன மாப்ள இது, பேய்ப் படமா?" என்றார்.

"ஒரு நிமிஷம் அசையாம நில்லுங்க மச்சான். மீசை முடிகூடத் தெரியும்."

"ஆமா, திருடன் வந்து உங்களுக்குப் போஸ் குடுப்பான்."

கல் இறக்குகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து கிடங்கில் எனக்குப் பேய் சார் என்று பெயர். வீட்டில் சாப்பாடு போடும்போது என் மனைவிகூட அப்படிக் கூப்பிட்டாள். எரிச்சல் வருமா வராதா, சொல்லுங்கள். ஒரே ஒரு நிமிடம் நில்லுங்கள் என்று அவரிடம் கெஞ்சாத குறை. காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், "நாளைக்கு ஆள் வர்றான் மாப்ள. இதக் கழட்டிட்டு வேற மாட்டச் சொல்லிட்டேன்" என்று போகிறபோக்கில் சொன்னார்.

கல் பலகைகளை இரும்புச் சட்டத்தில் சாய்த்து நிறுத்தி, வழுக்காமல் இருக்க அடியில் மர ஆப்பு கொடுத்திருப்போம். இருட்டியதும் அவரே போய்த் தார்ப்பாயை இழுத்து மூடுவார், அதில் யாரையும் நம்ப மாட்டார். அன்று முன்வரிசையில் ஆப்பு இல்லை. அவர் தார்ப்பாயை இழுத்தார், கல் சரிந்தது.

நான் முன்னறையில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தவரை அந்த இடம் மட்டும் புகையாக இருந்தது. நடுவில் மனைவி கூப்பிட்டு, "அண்ணன் போன எடுக்கலியே, அங்க இருக்காரா?" என்றாள். இருக்கார், வேலையா இருக்கார் என்றேன். வைத்துவிட்டுப் பார்த்தால் படம் தெளிந்திருந்தது. சட்டை நீலம், பொத்தான் வெள்ளை. மீசையும் தெரிந்தது. இதைத்தானே இத்தனை நாளாகச் சொன்னேன் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

பதிவை நான் அழித்திருக்கலாம், மனசு வரவில்லை. நேற்று நீங்கள் அதை வேகமாக ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆப்ப எடுக்குறவன் மூஞ்சியே தெரியல, எவன்யா வாங்கினான் இந்தக் குப்பைய?" என்று உங்கள் ஏட்டிடம் சொன்னீர்கள். வெளியே பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது. பிறகு என்னிடம் மரியாதையாகவே, நீங்க வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். போனேன். ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை.

ஒரு பொருளை முழுசாகப் பார்க்காமல் குப்பை என்று சொல்லக் கூடாது, ஐயா. அந்த இடத்தை வேகமாக ஓட்டாமல் இன்னொரு தடவை போடுங்கள். ஆப்பை எடுத்த பிறகு நான் நிமிர்ந்து, கேமராவைப் பார்த்து, ஒரு நிமிடம் அசையாமல் நின்றிருக்கிறேன். என் மூக்குக்கண்ணாடிகூடத் தெரியும்.