இன்னும் கொஞ்சம் வரட்டும்

குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலை நடை போவது எனக்குப் பிடிக்கும். முன்பின் தெரியாத இரண்டு பேர் அடுத்தடுத்து நடந்தால், சற்று நேரத்தில் இருவர் காலும் ஒன்றாக விழத் தொடங்கும். யாரும் சொல்லித் தருவதில்லை. தாறுமாறாக இயங்குபவை எப்படித் தாமாகவே ஒரு தாளத்துக்கு வருகின்றன என்பதுதான் என் இயற்பியல். இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டதும் அதுதான்.

ஹெப்பாள் தொழிற்சாலையை உங்களுக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர். அதன் கேட்டுக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவே பெரிய கால்வாய், மேலே இரும்பு நடைபாலம். ஷிஃப்ட் விடும்போது பாலம் பக்கவாட்டில் ஆடுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். டேம்பர் பொருத்தச் சொன்னேன். காருக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி, ஆட்டத்தை அது வாங்கிக்கொள்ளும். பொருத்தியவர் கந்தசாமி, அங்கே ஃபிட்டர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். பாலம் அடங்கியது. எல்லோருக்கும் என்மேல் மரியாதை கூடியது.

அந்தச் சமயத்தில்தான் என் ஆய்வுக் கட்டுரை ஆய்விதழிலிருந்து திரும்பி வந்தது. பாலம் ஆடினால், நடப்பவர்கள் விழாமலிருக்கக் காலை அகட்டி அதன் போக்கிலேயே வைப்பார்கள். அதனால் ஆட்டம் இன்னும் ஏறும். பாலத்தில் இத்தனை பேர் என்ற ஓர் எண்ணிக்கை வரைக்கும் ஒன்றுமே தெரியாது. அதைத் தாண்டினால் மொத்தக் கூட்டமும் ஒரே ஆளாக நடக்கும். இதைக் கணினியில் காட்டியிருந்தேன். நிஜப் பாலத்தில் அளந்து பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். என்னால் தூங்க முடியவில்லை.

டேம்பர்களின் போல்ட்டைத் தளர்த்தும்படி கந்தசாமியிடம் சொன்னேன். ஒரு சாயங்காலம் மட்டும், சோதனைக்காக என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவர் மகள் ரூபாவுக்கு அங்கே பேக்கிங்கில் வேலை கிடைத்தது என் சிபாரிசில்.

ஷிஃப்ட் விட்டது. கேட்டை ஒட்டிய கரையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். ஆட்டத்தை அளக்கப் பாலத்தில் நான் ஒட்டிவைத்திருந்த சென்சார்களின் கோடுகள் திரையில் முதலில் சிக்கலான நூல்கண்டுபோல இருந்தன. பிறகு மெல்ல மெல்ல ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கின. அதுவரை கணினிக் கணக்கில் மட்டுமே பார்த்தது. என் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கப் போவதில்லை.

கேட்டருகே நின்ற கந்தசாமி ஓடி வந்தார்.

"சார், ஆட்டம் சாஸ்தியாகுதுங்க. கேட்டைச் சாத்தீரட்டுங்களா? ரூபாவும் பாலத்து மேல போயிட்டிருக்குதுங்க."

"இருக்கட்டும் கந்தசாமி. இன்னும் கொஞ்சம் வரட்டும்," என்றேன்.

இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள். நிற்க முடியாமல் எல்லோரும் ஒரே பக்கத்துக் கைப்பிடிக் கம்பியில் போய்ச் சாய்ந்தார்கள். கம்பி பெயர்ந்தது. பலருக்கு எலும்பு முறிந்தது. ரூபா கால்வாய்க் கல்லில் விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கந்தசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் கேக்காமயே சாத்தியிருக்கோணுங்க சார். என்ர தப்புங்க." நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

உங்கள் ஆட்கள் போல்ட்டுகள் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். சார்தான் தளர்த்தச் சொன்னார் என்று கந்தசாமி சொன்னார். இறுக்கத்தான் சொன்னேன் என்று நான் சொன்னேன். என் பேச்சு எடுபட்டது. மகளின் கருமாதிக்கு அவரைக் காவலோடு கூட்டி வந்தார்கள். நானும் போயிருந்தேன். அவர் மனைவி பாப்பாத்தி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. செய்தது பாவம் என்று தெரியும், அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். போல்ட்டைத் தளர்த்தச் சொன்னதும், கேட்டைச் சாத்த விடாததும், பிறகு பொய் சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கந்தசாமியை விட்டுவிடுங்கள். பாவம், ஒன்றும் செய்யாமல் உள்ளே இருக்கிறார். ஒரு நாள்கூட அவரை உள்ளே வைக்க எனக்கு மனசில்லை.

இத்தனை மாதம் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். கட்டுரையில் சில திருத்தங்கள் பாக்கி இருந்தன. நேற்றுத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.