சட்டையில் குத்திய பூவரசம்பூ

கிளிநொச்சியில் மகனின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு முரசுமோட்டைக்குப் போகும் மாலை பஸ்ஸில் ஏறினேன். மடியில் கிடந்தவனின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி இருந்தேன். இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்தவர்களின் நினைவாக நடந்த உதைபந்தாட்டத்தில் வென்ற கிண்ணத்தோடு, கப்டனும் கோல் காத்தவனும் முன் இருக்கையில் இருந்தார்கள். கப்டனின் சட்டையில், யுத்தத்தில் செத்த பட்டாளத்தாரின் நினைவாகக் குத்தும் சிவப்புக் கடதாசிப் பொப்பிப் பூ.

"எல்லாரும் பொப்பி குத்த, நீ மட்டும் வேலிப் பூவரசிலை மஞ்சள் பூவைப் பிடுங்கிக் குத்திக்கொண்டு வந்து நிக்கிறாய்" என்றார் கப்டன்.

"பொப்பி பட்டாளத்துக்கு, அண்ணை. என்ரை ஐயா துவக்குத் தூக்கேல்லை. சயாமிலை ஜப்பான்காரன்ரை ரயில்பாதைக்குக் கட்டை சுமந்து செத்தவர்."

"என்ரை சித்தப்பா பட்டாளத்திலைதான் செத்தவர். அவருக்கு ஆர் பூ வைக்கிறது?"

"நீங்கள் வையுங்கோ. நான் வேண்டாமெண்டே சொன்னனான்?"

"'கலியாண வீட்டுக்கே வந்தனி?' எண்டு மற்றப் பக்கத்தார் சிரிச்சவங்கள்."

"கடைசிப் பந்தை நான் பிடிச்ச பிறகும் சிரிச்சவங்களே?"

"அது வேறை கதை. செத்தவைக்கு வைக்கிற பூ சிவப்பா இருக்கவேணும். அடுத்த மாட்சுக்கும் மஞ்சளோடை வந்தால் நீ வெளியிலைதான்."

"இப்ப பாருங்கோ, அண்ணை."

கப்டன் குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அடுத்தவர் பேச்சுக்குள் அப்படி எட்டிப் பார்த்திருக்கக் கூடாதோ என்னவோ. காலையில் மஞ்சளாய் விரிந்த பூ, பூவரசின் வழக்கப்படி, பொழுதுபடச் சிவந்திருந்தது.

கப்டன் வாய்விட்டுச் சிரித்தார். "அடுத்த மாட்சுக்குப் பதினொரு பேருக்கும் பிடுங்கிக்கொண்டு வா. நான் ரெண்டையும் குத்துவன். இல்லாட்டிச் சித்தப்பா கோவிப்பார்."