ஒரே சுவிட்சுல ரெண்டு கேபிள்

மொதல்ல எனக்குத் துரோகம் பண்ணது என் கூடப் பொறந்த தம்பிதாம்மா. உள்ள படுத்திருக்கானே, அவனேதான். அவனுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்க வந்திருக்கீங்க, வாதம் வந்து பேச்சு போறதுக்கு முன்னாடி எப்படிப் பேசுவாருன்னுதானே கேட்டீங்க? அதைத்தான் சொல்றேன். நல்லாப் பேசுவான். பேசியே ஆளைக் கவுத்துருவான்.

வேலையா? நெட்வொர்க் இன்ஜினியர். நான் அவன்கிட்ட கேபிள் இழுக்கிற ஆளு. ஏணியில ஏறி, கூரைக்குள்ள தலையை விட்டு, வயரை இழுத்துக் கொண்டாந்து சொருகணும். எங்க சொருகணும்னு அவன் சொல்வான்.

சினிமாப் படம் வெட்டி ஒட்டுற ஆபீஸ் ஒண்ணு. எடுத்த படமெல்லாம் ஸ்டோரேஜுன்னு ஒரு பெரிய பெட்டிக்குள்ள கிடக்கும். எல்லாரும் அவங்கவங்க மேஜையில இருந்தே அதைத் தொறந்து வேலை பார்ப்பாங்க. அந்தப் பெட்டியில இருந்து ரெண்டு கேபிள் வரும். ரெண்டையும் சேர்த்து ஒரே லைனாக்கிருவான். பாண்டிங்கும்பான். கயித்தால இல்லம்மா, கம்ப்யூட்டருக்குள்ளயே கட்டுறது. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தாங்கும். ரெண்டும் ஓடுனா வேகம்.

அதுங்களைத் தனித்தனி சுவிட்சுல சொருகியிருந்தேன். லைட் சுவிட்ச் இல்ல, கேபிளெல்லாம் வந்து சேர்ற டப்பா. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும்ல? ஆனா அங்க இருந்தது ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாத பழைய சுவிட்சுங்க. ஒரு கேபிள் ஓடும், மத்தது சும்மா காத்துக் கிடக்கும். முதலாளி தினமும் ஸ்லோ ஸ்லோன்னு கத்துறாரு. இவன் வந்து, அண்ணா, ரெண்டையும் ஒரே சுவிட்சுல மாத்துன்னான். ஏண்டா, நீதானே பிரிச்சுப் போடச் சொன்னேன்னேன். இப்ப வேகம்தான் வேணும், மாத்துண்ணான்னான். மாத்தினேன்.

ஒரு நாள் அந்த சுவிட்ச் கருகிப் போச்சு. ரெண்டு கேபிளும் நல்லாத்தான் இருக்கு, போய்ச் சேரத்தான் இடமில்ல. பெட்டிக்குள்ள பதிஞ்சுக்கிட்டிருந்த படம் பாதியில கெட்டுப் போச்சு. முதலாளி வந்து, எவன்யா ரெண்டையும் ஒண்ணுல சொருகினதுன்னாரு. என் தம்பி என்ன சொன்னான் தெரியுமா? அண்ணன் தெரியாம சொருகிட்டாரு சார், படிக்காதவருதானே, விட்டுருங்கன்னான்.

எனக்காகக் கெஞ்சினான்மா. அதுதான் தாங்கல.

அதுக்கப்புறம் எவனும் எனக்குக் கேபிள் வேலை குடுக்கல. அதுகூடப் போகட்டும். சொந்தக்காரங்க கூடுற இடத்துக்குப் போனா என் மச்சினன், மாமா கையில பிளக்கைக் குடுக்காதீங்க, தெருவே இருட்டாயிடும்பான். எல்லாரும் சிரிப்பாங்க. இவனும் சிரிப்பான். அவ்வளவு பேச்சுப் பேசுறவனுக்கு, நான்தான் மாத்தச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல.

பாசமா? நீங்களுமா அப்படிச் சொல்றீங்க? தம்பி பொண்டாட்டி வேலைக்குப் போயிடறா, பகல்ல நான் இருக்கேன். துடைச்சு விடுறேன், திருப்பிப் படுக்க வைக்கிறேன். கோபம்கூட இல்லம்மா இப்போ. ஒண்ணுமே இல்ல. அவன் வாய் திறக்கிறப்ப நான் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்.

தண்ணி, பசி, வலின்னு படம் காட்டிப் பேச வைக்கிறீங்களே. என் தப்புதான்னு அவன் சொல்றதுக்குப் படம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?

இல்லையா. சரி.

இன்னும் பேச்சு வரலைன்னா எழுதறீங்க? அப்படி எழுதாதீங்க. நேத்து ஒரு வார்த்தை பேசினான். ஸ்பூனை வாய்கிட்ட கொண்டு போனேன், என்னைப் பார்த்து அண்ணான்னான். சுத்தமா வந்துச்சு. அவனுக்குக் கண்ல தண்ணி. எனக்கு ஒண்ணும் வரல.

வீட்ல யார்கிட்டயும் சொல்லலம்மா. அது எப்பவும் கூப்பிடுறதுதானே, அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? காதுல விழாத மாதிரி அடுத்த ஸ்பூனைக் குடுத்தேன். அவன் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்குல்ல.