முகத்தை முதலில் முடியுங்கள்

சுவரில் படம் மாட்டுவது எனக்கு நன்றாக வரும். ஆணி கோணலாக இறங்கியதில்லை.

அப்போது நான் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. ஐம்பத்தாறாம் ஆண்டில் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். கூடம் முழுக்க அவருடைய பாட்டன் பாட்டிமார் கல்லச்சுப் படங்களாக இருந்தார்கள். கல்லில் வரைந்து தாளில் எடுத்தவை. இப்படிப் படமில்லாத குடும்பத்தைத் தம் ஊரில் யாரும் மதிப்பதில்லை என்றார். அடுத்து அவர் காத்தோங்கில் எங்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வருவதாக இருந்தது. எங்கள் சுவரில் ஒரு காலண்டர்தான். உதவி மேலாளர் பதவி காலியாக இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி இராசேஸ்வரியைக் கல்லச்சுப் படமாக்கி மாட்ட முடிவுசெய்தேன். அவளுக்கு விருப்பமில்லை.

"இஞ்சருங்கோ, உயிரோட இருக்கிற ஆக்களின்ர படத்தை ஆரும் மாட்டுவினமே? எனக்கு மாலை போட உங்களுக்கு அவசரம் போல" என்று சிரித்தாள்.

சிராங்கூன் ரோட்டில் கல்லச்சுக்கு வரைகிற மாணிக்கம் வந்த அன்று, விடிந்ததிலிருந்தே அவளுக்கு வயிற்றுவலி. இஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். கூறைச் சேலை கட்டி உட்காரச் சொன்னேன். நாற்காலிப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது சார். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க லா. நாளைக்கு வந்து வரைஞ்சுக்கிறேன்" என்றார் மாணிக்கம்.

நாளை வரைந்தால் துரை வருவதற்குள் அச்சாகாது.

"முகத்தை முதலில முடியுங்கோ. சேலையைப் பிறகு பாப்பம்" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமே?" என்று அவள் கேட்டாள். பிறகும் ஒருமுறை கேட்டாள். முகம் முடிய மாலையாயிற்று. எழுந்தவள் விழுந்தாள்.

வலி எப்போது தொடங்கியது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இப்போதுதான் என்றேன். குடல்வால் வெடித்திருந்தது. மறுநாள் போய்விட்டாள்.

அவளுடைய அண்ணன் பேரின்பநாயகம் என் தோளில் கைவைத்து, "நீர் என்னத்தைச் செய்யிறது, மச்சான். உமக்குத் தெரியாமல் நடந்தது" என்றார். நான் தலையாட்டினேன்.

மாணிக்கம் கொண்டுவந்த முதல் தாளில் அவள் கீழுதட்டைக் கடித்திருந்தாள். கண்டதை வரைந்திருந்தார். உதட்டை மட்டும் திருத்தச் சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் போனார், திருத்திக் கொடுத்தார்.

துக்கம் கேட்க வந்த துரை அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பதவி கிடைத்தது.

அவளைக் கொன்றது நான்தான். யாரிடமும் சொன்னதில்லை. வருகிறவர்கள், எவ்வளவு நிம்மதியான முகம் என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. அன்று நான் வற்புறுத்தவில்லை. அவள் விரும்பித்தான் உட்கார்ந்தாள்.