பக்கத்து வீடு தூரமா இருக்கணும்

அந்த லோனாவ்லா பங்களா வேண்டாம் பாய். போட்டோவிலே அழகாத்தான் இருக்கு, ஊஞ்சல் வேற தொங்கறது. ஆனா பக்கத்து பங்களா ஜன்னல் நம்ம கூடத்தையே பார்த்துண்டு நிக்கறதே! நடுவிலே எத்தனை அடி இருக்கும்? இருபதா? போச்சு. அடுத்ததைக் காட்டுங்கோ.

கண்டாலாவா? ஐயோ, வேண்டவே வேண்டாம். கிறிஸ்மஸ் லீவுக்கு எங்க மாட்டுங்காத் தமிழாள்லே பாதிப் பேர் அங்கேதான் இருப்பா. வாசல்லே கோலத்தைப் பார்த்தாப் போறும், நம்மவான்னு காபி குடிக்க உள்ளே வந்துடுவா. வந்தவா அப்படியே படுக்கையையும் விரிச்சுடுவா.

சிரிக்காதேங்கோ. மாட்டுங்காவிலே வீட்டு ஏஜெண்டுக்கா பஞ்சம்? ரயில் ஏறி குர்லாவுக்கு, வாஹித் பாய் போர்டைத் தேடிண்டு வந்திருக்கேன்னா காரணம் இருக்காதா? அங்கே யார்கிட்டேயாவது வாயைத் திறந்தா, நான் ஆத்துக்குத் திரும்பறதுக்குள்ளே மாமியார் பெட்டி கட்டிண்டு ரெடியா உக்காந்திருப்பா.

எத்தனை பேரா? ரெண்டே பேர். நானும் எங்காத்துக்காரரும். குழந்தைகளையும் மாமியாரையும் நாலு நாளைக்குக் கல்யாண்லே மைத்துனர் ஆத்துக்கு அனுப்பறேன். எனக்குக் காத்து மாறணும்னு டாக்டர் சொன்னார்னு அவர்கிட்டே ஒரு புளுகு விட்டிருக்கேன். அதனாலே மூணு ரூம், நாலு ரூமெல்லாம் காட்டாதேங்கோ. ரூம் இருக்குன்னு தெரிஞ்சா ஆள் வந்துடும்.

எங்காத்துக் கதையே அதுதானே. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, எட்டுப் பேர். அதுலே மூணு பேர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிட்டு, வேலை தேடிப் பாலக்காட்டிலேர்ந்து வந்தவா. ஒருத்தனுக்கு வேலை கிடைச்சுக் கிளம்பறதுக்குள்ளே அடுத்தவன் தாதர்லே இறங்கிடறான். நல்ல பசங்கதான், குறை சொல்லக் கூடாது. ஆனா எல்லாருக்கும் காது நன்னாக் கேக்கறது.

இது எது, டஹானுவா? கடல் பக்கத்திலேயா? அலைச் சத்தம் பலமா இருக்குமோ? பேஷ்! அடுத்த வீடு? அரை மைலா! வாட்ச்மேனுக்குக் காது மந்தமா? பாய், இதை ஏன் முதல்லேயே காட்டலை நீங்க? ஓடு ஒழுகினா ஒழுகட்டும், டிசம்பர்லே மழை ஏது.

பேரா? நாகலக்ஷ்மின்னு எழுதிக்கோங்கோ. அவர் பேர் எதுக்கு, நான்தானே எடுக்கறேன்.

சீ, ஹனிமூனா! ரெண்டு பிள்ளை பெத்தாச்சு பாய். ஏன் உங்க முகம் இப்படிச் சிவக்கறது? நீங்க நினைக்கறாப்பலே ஒண்ணும் இல்லை.

சண்டை போடணும். அவ்வளவுதான்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம், எல்லாச் சண்டையும் குசுகுசுன்னுதான் போட்டிருக்கோம். அறுபதாம் வருஷம் எனக்கு ஸ்கூல்லே டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேக்காமே, அவ வரமாட்டான்னு இவரே பதில் எழுதிப் போட்டுட்டார். ஏன்னு கேக்க வாயைத் திறந்தா, ஷ், அம்மா காதுலே விழும்பார். அஞ்சு வருஷமா அந்த ஷ்தான் பதில். நல்ல மனுஷர்தான் பாய், இல்லேங்கலை. ஆனா ஏன் அப்படிப் பண்ணினேள்னு ஒரே ஒரு தடவை தொண்டை கிழியக் கேக்கணும் எனக்கு.

அப்புறம், வாட்ச்மேனுக்கு ஒரு கார்டு போட்டுடுங்கோ. கண்ணாடிச் சாமானையெல்லாம் எடுத்துப் பூட்டிடட்டும்.