அம்பத்தூர்த் திரையில் தமிழ் எழுந்த நாள்

தொழிற்பேட்டைக்குத் தோள்கொடுத்து நிற்கும் தலைவர் அவர்களே! எந்திர இரைச்சலில் இளமையைக் கரைத்த மூத்தோர்களே! ஆவடியிலிருந்தும் திருமழிசையிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே! இன்று பணிநிறைவு பெறும் எங்கள் ஹேமாவதி அம்மையாரே! மின்விசிறிக்கு நேரே இடம்பிடித்த நண்பர்களே! பழைய தொழிலாளி ரூபஸின் வணக்கம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் ரப்பர் ஆலைக்கு, ரப்பரை நீராவியில் வேகவைக்கும் ஒரு சூட்டடுப்பு வந்தது. அதற்குக் காவல் ஒரு கணினி. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அத்தனையும் ஆங்கிலம்! கதவைத் திறக்காதே என்று அது எச்சரித்த வேளையில், அடுப்படியில் வேலைசெய்த ராஜகுமாரி அக்கா கதவைத் திறந்தார். ஆவி பாய்ந்தது. வலக்கை வெந்தது.

மேற்பார்வையாளர் கோதண்டம் கத்தினார்: "அதான் ஸ்கிரீன்ல போட்டுக்கீதே, பாக்கல?"

"போட்டுக்கீது சார். இன்னா போட்டுக்கீதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

கணினிப் பிரிவில் புதிதாய்ச் சேர்ந்திருந்த ஹேமாவதி சொன்னார்: "தமிழ்லயே போட்டுடலாம் சார்."

"கம்ப்யூட்டருக்கு ஏதும்மா தமிழு?"

இல்லைதான்! ஆனால் திரைக்கு எழுத்தை அனுப்பும் கிராபிக்ஸ் அட்டையில், ஒவ்வோர் எழுத்தின் வடிவமும் புள்ளிகளாய் இருந்தது. அந்தப் புள்ளிகளை மாற்றலாம் என்று கண்டுகொண்டார் அம்மையார். ஆங்கில எழுத்தை அழித்தார். அங்கே அன்னைத்தமிழை அமர்த்தினார். அடங்கியதா? எட்டுப் புள்ளி அகலத்தில் நம் 'றை' அடங்குமா? 'ணை' அடங்குமா? எழுத்தை இரண்டாய்ப் பிளந்து அடுத்தடுத்த கட்டங்களில் வைத்தார். அங்கே வந்தது அடுத்த ஆபத்து! இரு கட்டங்களுக்கு நடுவே அட்டை ஒரு கறுப்பு இடைவெளி விட்டது. ஒவ்வோர் எழுத்தும் நெஞ்சு பிளந்து நின்றது.

கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள் ஐயா, எழுத்து இன்னும் ஒட்டவில்லை!

வாரக்கணக்கில் வாடினார். பட்டியல்களுக்குக் கட்டம் போடும் கோடுகள் மட்டும் அறுபடாமல் ஓடுவதை ஒருநாள் கவனித்தார். அட்டையில் அந்தக் கோடுகளுக்கு உரிய இடங்களில் எதை வைத்தாலும் இடைவெளி விழுவதில்லை! உடனே கோடுகளைத் துரத்தினார். பிளந்த எழுத்துகளின் இடப்பாதிகளை அங்கே குடியேற்றினார். ஒட்டியது தமிழ்!

தழும்பேறிய கையோடு அக்கா வேலைக்குத் திரும்பினார். கைப்பிடியைத் தொட்டவர் திரையைப் பார்த்தார். எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்: "உள்ளே... சூடு. கதவைத்... திறக்காதே." கையை இழுத்துக்கொண்டார். "ஐய! நம்ம எழுத்து கீது!"

வேலையை விட்டு ஓடிவந்தோம். "எம்பேரப் போடு", "எம்பொண்ணு பேரப் போடு" என்று மொய்த்தோம். எல்லோருக்கும் பின்னால் நின்ற கோதண்டம் மெல்லக் கேட்டார்: "எம்பேரு வருமாம்மா?"

வந்தது. வெகுநேரம் பார்த்தார். "அழிச்சிடாத. புள்ளைங்கள இட்டாந்து காட்டணும்."

தோழர்களே! மேடையில் முழங்கினால் மட்டும் மொழி வாழுமா? பட்டறையில் வாழ வேண்டாமா? பாடுபடும் கையைக் காக்க வேண்டாமா? காத்தது! அந்த அடுப்பைக் கழற்றி எடுத்துப்போகும் வரை, அங்கே இன்னொரு கை வெந்ததில்லை.

அம்மையாரே, நீங்கள் நீடு வாழ்க! பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.