பேய் மாமாவின் எதிர்மேஜையிலிருந்து

மேடையில் அமர்ந்திருக்கும் நூலகக் குழுத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எங்கள் கண்களை நனைத்துவிட்டுப் போன தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் குழந்தைகள் பிரிவு நூலகரின் துணைவியாரான எங்கள் அக்கா அவர்களே, வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, நாற்காலி போதாமல் தரையிலும் மாடிப்படியிலும் ஜன்னல் விளிம்பிலும் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே! கனத்த நெஞ்சோடு உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் இந்த நூலகத்தில் அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் பார்த்துக்கொள்பவள். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'உஷ் மேடம்'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரியும். என் மேஜைக்கு நேர் எதிரே, இந்தக் கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தவருக்கு நீங்கள் வைத்த பெயர் பேய் மாமா. பேயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் அவர் மாமா! உதட்டில் விரல் வைத்ததைத் தவிர வேறொரு பாவமும் அறியாத நான் மேடம்! இது என்ன நியாயம்?

இந்த மேடையில் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். நான் அவர்மேல் பட்ட பொறாமையைப் பற்றிப் பேசப் போகிறேன். அதைவிடப் பெரிய புகழ் மாலை என் கைவசம் இல்லை.

சற்று முன்பு ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தோம். கூடம் நிறையப் பிள்ளைகள். ஒரு செருப்பு உரசவில்லை, ஒரு இருமல் இல்லை. இத்தனை வருடம் தொண்டை வறள 'உஷ், உஷ்' என்று சொல்லியும் என்னால் வாங்க முடியாத அமைதியை, அந்த மனிதர் புகைப்படத்தில் சும்மா சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டார். எனக்குப் பொறாமையாக இருக்காதா? நாளைக்கு எனக்கு ஒரு கூட்டம் நடந்தால் இந்தத் தரையில் உட்கார யார் வருவார்கள் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். பிறகு அந்த நினைப்பை அப்படியே விட்டுவிட்டேன்.

அவர் வேலை என்ன? மாதாமாதம் வந்து இறங்கும் புதுப் புத்தகப் பெட்டியைப் பிரித்து, மாயக் கதைகளையும் பயமூட்டும் கதைகளையும் முதலில் தானே படித்துவிட்டு, எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுப்பது. இது எல்லா நூலகத்திலும் நடப்பதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் அவரிடம் நேருக்கு நேராகவே கேட்டேன். நாமெல்லாம் படித்து வளர்ந்த அருமையான பழைய புத்தகங்கள் அலமாரியில் தூங்குகின்றன, நீங்கள் ஏன் புதிது புதிதாகப் பேயைத் தேடிக்கொண்டு திரிகிறீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வராது, அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

"பழசெல்லாம் நல்ல புத்தகம்தான் மேடம். ஆனா இந்தப் பிள்ளைங்களோட பயம் புதுசா இருக்கே," என்றார்.

பிறகு பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பொத்தானே இல்லாத ஒரு மாடியில் போய் நிற்கும் லிஃப்டைப் பற்றிய கதை. அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக ஏறி இறங்கும் பிள்ளைக்கு அது. தன் நிழலைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டிலேயே தூங்கும் பையனின் கதை. கடைசியில் அம்மா அப்பாவுக்கு நிழலைத்தான் அதிகம் பிடித்துப்போகிறது. அண்ணனோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே வளர்க்கப்படும் பிள்ளைக்கு அது. குடிபோன வீட்டில் தினமும் ஒரு அறை கூடிக்கொண்டே போகும் கதை. ஊர் மாறி, பள்ளி மாறி, ஒருவர் பேரும் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு அது. என் அலமாரியில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. இப்படி ஒரு வரிசை அதில் கிடையாது.

கொடுக்கும்போது கதையைப் பற்றி மூச்சுவிட மாட்டார். ஒரே ஒரு பக்க எண்ணை மட்டும் சொல்வார். "அந்தப் பக்கத்துல ஒரு கதவு திறக்கும். ரொம்ப பயமா இருந்தா புத்தகத்தை மூடிடு. கதவும் மூடிக்கும்." மூடிவிட்டுத் திருப்பிக் கொண்டுவரும் பிள்ளையிடம், தானும் சரியாக அந்த இடத்தில்தான் மூடியதாகச் சொல்வார். எல்லாப் பிள்ளையிடமும் அதையே சொல்வார். அதில் பாதி உண்மை. அந்த மனிதர் அப்படி ஒரு பயங்கொள்ளி! பின்கட்டில் விளக்கு மினுக்கும் இருப்பு அறைக்குப் போக வேண்டுமென்றால், "மேடம், சும்மா ஒரு எட்டு கூட வர்றீங்களா," என்று என் மேஜைக்கு வந்து நிற்பார். அக்கா சிரிக்கிறார்கள், வீட்டிலும் அதே கதைதான் போலிருக்கிறது.

ஒரு பல் மருத்துவர் ஒருமுறை சண்டைக்கு வந்தார். அவருடைய மகன் புத்தகத்தைப் படித்துவிட்டு மாடிப்பக்கமே போக மாட்டேன் என்கிறானாம். கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். இன்றைக்காவது இவருக்கு நாலு வார்த்தை விழட்டும் என்று அகராதிக்குப் பின்னால் தலையை வைத்துக்கொண்டு காதைத் தீட்டினேன். நம்மவர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நீங்கள் சின்ன வயதில் எதற்குப் பயந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு என்றார் மருத்துவர். அதன் பிறகு இருவரும் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டார்கள். போகும்போது மருத்துவர் கையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன, ஒன்று மகனுக்கு, ஒன்று அவருக்கே. அதோ, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சண்டை போட வந்தவரைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை பாருங்கள்!

இதெல்லாம்கூடப் போகட்டும். சாயங்காலமானால் அவர் மேஜையைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்குமே, அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும். அந்தப் பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக மாட்டார்கள். அவர் நாற்காலிக் காலில் சாய்ந்துகொண்டு, மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டு, மூடும் நேரம் வரை அங்கேயே படிப்பார்கள். எதிரே என் மேஜையில் ஈ உட்கார்ந்திருக்கும். இந்த மனிதர் அப்படி என்ன சொக்குப்பொடி போடுகிறார் என்று நான் யோசிக்காத சாயங்காலம் கிடையாது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். எனக்கு ஒரே மகள். ஆறாம் வகுப்பு. நூலகர் பெற்ற பிள்ளை எப்படிப் படிக்க வேண்டும்! விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறு, நாடுகளின் வரலாறு என்று பார்த்துப் பார்த்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஆடும் மேஜைக்கு முட்டுக் கொடுக்க அவை அவளுக்கு உதவின. பேய் மாமா ஒரு லிஃப்ட் கதையைக் கொடுத்தார், அதை மூன்று முறை படித்தாள். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் 'மாமா சொன்னார், மாமா சொன்னார்' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அவர் கொடுத்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்து, என் காலடியில், அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து படிப்பாள். உனக்கென்று ஒரு அறை இருக்கிறதே, அங்கே போய்ப் படியேன் என்பேன். இங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்பாள். எங்கள் சமையலறையில் வெளிச்சமா! என் மகள் என் கண்முன்னால், என் காலை உரசிக்கொண்டு உட்கார்ந்து, இன்னொருவர் கொடுத்த புத்தகத்துக்குள் மறைந்துபோவதைப் பார்த்துக்கொண்டே நான் காய் நறுக்கினேன். பெற்ற வயிற்றுக்கு அது எப்படி இருக்கும்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்திலேயே அவர் இதயம் நின்றுவிட்டது. செய்தி கேட்டு என் மகள் அழுத அழுகையை என்னால் நிறுத்த முடியவில்லை. பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு நான் மருத்துவமனையில் கிடந்தபோது, திரும்பி வரும்போது சாக்லேட் வாங்கிட்டு வா என்று சொல்லியனுப்பியவள் அவள். அந்தத் துக்கத்தின் மீதும் எனக்குப் பொறாமை வந்தது. மனித மனம் எவ்வளவு கேவலமானது பாருங்கள்.

ஆனால் அதற்குப் பிறகு அவள் புத்தகத்தையே தொடவில்லை. அவர் கடைசியாகக் கொடுத்த கதை பாதியில், குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. சமையலறைக்கும் வரவில்லை. பள்ளி விட்டு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். என் மகளைப் பேய் மாமா எடுத்துக்கொண்டு போனாரே என்று பொருமிய நான், அந்தப் பேய்க் கதையையாவது எடுத்துப் படியேன் என்று கெஞ்சும் நிலைக்கு வந்தேன்.

சரி, நானும் நூலகர்தானே! அவர் பிரிக்காமல் விட்டுப்போன புதுப் பெட்டியை நானே பிரித்தேன். அட்டையில் பெரிய மண்டையோடு போட்ட புத்தகமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுதியவர் இன்னார், இத்தனை அத்தியாயம், கதை இதுதான், கிணற்றுக்குள் இருப்பது அந்தப் பையனுடைய சித்தப்பாவின் ஆவி, கடைசியில் அது மன்னித்துவிட்டுப் போய்விடுகிறது என்று ஒன்று விடாமல் சொன்னேன். முப்பது வருடமாக நூல்பட்டியல் அட்டைகளில் குறிப்பு எழுதிய பழக்கம், என்ன செய்வது?

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "முடிவையே சொல்லிட்டியேம்மா," என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். பிறகு சொன்னாள்: "முதல்ல கேக்க வேண்டியதை நீ கேக்கவே இல்லையே."

என்ன கேட்க வேண்டும் என்றேன்.

"படிக்கும்போது உன் பக்கத்துல யார் இருப்பாங்கன்னு. மாமா எல்லார்கிட்டயும் அதைத்தான் கேப்பாரு. அதை வெச்சுதான் எவ்வளவு பயமானது குடுக்கலாம்னு பாப்பாரு."

அப்படியானால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்லும் பிள்ளைக்கு எதைக் கொடுப்பார் என்று கேட்டேன். எதை வேண்டுமானாலும் கொடுப்பாராம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோக விட மாட்டாராம். இங்கேயே உட்கார்ந்து படி, நான் இருக்கேன் என்பாராம்.

அன்பர்களே, நான் வயிறெரிந்து பார்த்த கூட்டம் அது! வீட்டில் விளக்குப் போட ஆள் இல்லாத பிள்ளைகள், அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வருவதற்குள் இருட்டிவிடும் வீட்டுப் பிள்ளைகள், வாய்விட்டு 'யாரும் இல்லை' என்று ஒருவரிடம் மட்டும் சொன்ன பிள்ளைகள். அந்தக் கூட்டத்துக்கு நான் ஆசைப்பட்டேன். என்ன ஒரு ஆசை!

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கூட்டத்தில் என் மகளை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. நீ ஏன் அங்கே உட்காரவில்லை என்று கேட்டேன்.

"நான் எதுக்கு அங்க உக்காரணும்? எங்கம்மா இருப்பாங்கன்னு சொல்லுவேன். உடனே மேல் தட்டுலேர்ந்து எடுத்துக் குடுப்பாரு. இருக்குறதுலயே பயமானது எனக்குத்தான்."

'எங்கம்மா இருப்பாங்க' என்ற அந்தச் சொல்லை என் மகள் என்னிடம் சொல்லவில்லை. அவரிடம் சொன்னாள், மாதாமாதம் சொன்னாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, எதிர்மேஜையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். பிள்ளை தன்னிடம் சொன்னதைப் பெற்றவளிடம்கூடச் சொல்லக் கூடாது என்று இருந்திருக்கிறார். ஐயா, இதுவரை பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. உங்கள்மேல் உண்மையான பொறாமை எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்றும் நான் ஆசைப்படவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவள் அந்தப் பாதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். மாமா சொல்லியிருந்த, கதவு திறக்கும் பக்கம் வந்ததும் ஒருமுறை நிமிர்ந்து, நான் நிற்கிறேனா என்று பார்த்தாள். அடுப்பில் இருந்தது அடிபிடித்தது. நான் நகரவில்லை.

குழந்தைகளே, குழுத் தலைவர் என்னை அந்த மேஜைக்கு மாறச் சொல்லியிருக்கிறார். ஒப்புக்கொண்டேன். இந்த அவை முன்னால், அக்காவின் முன்னால் உறுதி சொல்கிறேன். மாதாமாதம் பெட்டி வரும், முதலில் நான் படிப்பேன், முடிவைச் சொல்ல மாட்டேன். உங்களிடம் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்பேன். அதற்கு 'யாரும் இல்லை' என்று பதில் சொல்ல வேண்டியவர்கள் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நாளைக் காலையிலிருந்து மூடும் நேரம் வரை நான் அங்கேதான் இருப்பேன். கொஞ்சம் நெருங்கியே உட்காருங்கள், எனக்கும் பயமாகத்தான் இருக்கும்.